நாலரை அடி

தேயிலைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி செல்வராஜு வகுப்பு வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், சுவரோரம் வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் முழங்காலை மடக்கிக் குட்டையானார்கள்.

நளினி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிக் கூனினால் குருடனுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடுமே!

“நேரா நில்லுங்க! என்ன, கல்லுல முட்டிக்கிட்ட முள்ளங்கி மாதிரி ஆளாளுக்கு வளையுறீங்க?”

டீச்சர் ஈப்போ நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். இந்த மலைக்கு வந்து கை விறைத்தது, கால் விறைத்தது, நாக்கு மட்டும் விறைக்கவில்லை.

ஐந்து மாதமாக நீட்டல் அளவைப் பாடம். அரசாங்கம் அடியையும் அங்குலத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சென்டிமீட்டரைக் கொண்டுவந்திருந்தது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து பெஞ்சை அளந்தார்கள், கதவை அளந்தார்கள், டீச்சருடைய குடையை அளந்தார்கள். இன்றைக்கு ஆளுயரம். சுவரில் அளவு நாடாவை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

கிராணி வந்த காரியம் வேறு.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தோட்டத்தில் உயரம்தான் வயது. நாலரை அடி வளர்ந்துவிட்டால் கொழுந்து எடுக்க அனுப்பலாம். புது அளவில் அது நூற்று முப்பத்தேழு. தாண்டினவர்களின் பெயரை எழுதிக்கொண்டு போக, நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

“அளங்க டீச்சர், அளங்க. துரைக்கு ஆள் பத்தல லா. இதுங்கள்லாம் படிச்சுக் கோலாலம்பூர்ல மந்திரியாவா ஆவப்போவுது?”

அடுத்தது திலகம். ஐந்தாம் வகுப்பு. பத்திரம் இல்லாதவள். அரசாங்கச் சோதனைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அந்த வகுப்பில் தேறக்கூடிய ஒரே தலை அவளுடையது.

அந்தத் தலைமேல் டீச்சர் மரக்கோலைப் படுக்க வைத்தார். கோல் நூற்று முப்பத்தெட்டில் போய் உட்கார்ந்தது.

“நூத்தி முப்பத்தொண்ணு” என்றார், குரலில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

கிராணி பேனாவை எடுத்தவர் எழுதவில்லை. கிட்டே வந்து நாடாவை முறைத்தார். பின்னால் நகர்ந்து முறைத்தார். கிட்டத்து எழுத்து மங்கி அவருக்கு இரண்டு வருடம். கண்ணாடி போட்டால் கிழவனென்று சொல்லித் துரை தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவானோ என்று பயம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர்ப் புத்தகத்தைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து வாசிப்பதைப் பார்த்துத் தோட்டமே சிரிக்கும். அவருக்கு மட்டும் அது ரகசியம்.

“எழுத்தா இது, எறும்பு செத்துக் கெடக்கற மாதிரி.” திரும்பினார். “இங்க பெரிய மக்கு யாரு?”

அத்தனை விரல்களும் மணியம்மாவைக் காட்டின.

“நீ வா. கெட்டிக்காரங்கள்லாம் டீச்சர் பக்கம். மக்குக்குப் பொய் சொல்ல வராது.”

நளினி டீச்சர் திலகத்தின் தலைமேல் கோலைப் பிடித்தபடியே நின்றார். கதவு நாற்பது சென்டிமீட்டர் என்றவள் மணியம்மா. பெஞ்சு கதவைவிட உயரம் என்றவள். ‘மண்டையில இருக்கறது மூளையா, தேயிலைத் தூசியா?’ என்று நேற்றுகூடக் கேட்டாயிற்று. இப்போது அவள் என்ன உளறினாலும் போச்சு. எண் ஒன்று மாறினால் கிராணி கங்காணியின் நாலரை அடி அளவுக் கழியை எடுத்துவரச் சொல்லுவார். கழிக்கு டீச்சரும் தெரியாது, திலகமும் தெரியாது.

மணியம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் ஏறினாள். நாடாவில் விரலை வைத்தாள். விரல் ஒவ்வொரு கோடாக ஊர்ந்து மேலே போனது. கோலில் முட்டி நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. உதடு என்னவோ முணுமுணுத்தது.

“இன்னிக்குச் சொல்லுவியா, இல்ல தீவாளிக்கா?” என்றார் கிராணி.

“நூத்தி முப்பத்தொண்ணு.”

கிராணி நோட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“பாத்தா மூங்கிலு, அளந்தா ஆட்டுக்குட்டி. என்னத்தத் திங்குதுங்களோ!”

“தோட்டத்துல குடுக்கறதத்தான் திங்குதுங்க, கிராணியாரே” என்றார் டீச்சர்.

கிராணி வெளியே நடந்தார். சப்பாத்துச் சத்தம் பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போனது. திலகம் முதுகு சுவரில் உரச அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

டீச்சர் மரக்கோலை இறக்கினார். ஐந்து மாதம் தொண்டை கிழியக் கத்தியும் இந்தக் கழுதைக்கு அளவு ஏறவில்லை. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லவாவது வந்ததே!

“போதும், எறங்கு. நான் சொன்னத அப்படியே சொல்லிட்ட. கிளிப்புள்ள! அந்த மட்டும் பொழச்சோம்.”

மணியம்மா இறங்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு டீச்சரின் காதருகே குனிந்தாள்.

“கிளி இல்ல டீச்சர். கோலு முப்பத்தெட்டுலதான் இருந்துச்சு. நீங்க ஏழு கொறச்சீங்க, நானும் ஏழு கொறச்சேன். சரியா, டீச்சர்?”