முத்திரை வைத்த கட்டு

"நான் கோப்பைக்காக வரல மாப்பிள்ள. உங்களைத் தோக்கடிக்க வந்திருக்கேன்."

சீட்டாட்டப் போட்டியின் முதல் சுற்றை முடித்துவிட்டு எழுந்த தன் தங்கை கணவரை வழிமறித்து, கடைக்காரர் இப்படிச் சொன்னார். மாப்பிள்ளை சீட்டுக்கட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அந்த அலட்சியம் கடைக்காரரின் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறியது.

பகைக்குக் காரணம் அப்பா விட்டுப்போன விளையாட்டுச் சாமான் கடை. அவர் கண்ணை மூடிய கையோடு கடைக்காரர் பூட்டை மாற்றினார். எனக்கும் பங்கு உண்டே என்று வந்து நின்ற தங்கையை வாசலோடு திருப்பி அனுப்பினார். சொந்தக்காரர்கள் கூடி நியாயம் கேட்டபோது, சீட்டில் தன்னை ஜெயிக்க ஆள் இல்லை என்ற கொழுப்பில் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். இந்த வருடம் கோப்பை எந்த வீட்டுக்குப் போகிறதோ, கடையும் அந்த வீட்டுக்கே. பெரியப்பா சாட்சி.

இந்த ஆட்டத்தில் நெருப்பு, தண்ணீர், காடு, படை என்று பல வகைப் படச்சீட்டுகளிலிருந்து அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். சுற்றுக்குச் சுற்று சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். காலையில் கடைக்காரர் கொண்டுவந்தது யார் வந்தாலும் சமாளிக்கிற கட்டுதான். ஆனால் மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

மாப்பிள்ளையிடம் இருந்தது அத்தனையும் நெருப்புச் சீட்டு. எதிராளி நிமிர்ந்து உட்காருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

ஒவ்வொரு இடைவேளையிலும் கடைக்காரர் வாள்வீரனை எடுத்துவிட்டு மழை மேகத்தை வைத்தார். குதிரையை எடுத்துவிட்டுக் கிணற்றை வைத்தார். அரையிறுதி வருவதற்குள் அவருடைய கட்டு தீயணைப்பு வண்டியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி மாணவனிடம் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினார். அதற்காக அவர் கவலைப்படவில்லை. அந்தக் கட்டு ஒரே ஒரு ஆளுக்காகச் சேர்த்தது.

இன்னொரு அரையிறுதி மேஜையில் மாப்பிள்ளைக்கு எதிரே தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளும் போட்டியில் இருக்கிறாள் என்பதையே கடைக்காரர் அப்போதுதான் கவனித்தார். கவனித்ததும் நிம்மதியாகிவிட்டது. புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தவள் விட்டுக்கொடுக்காமல் வேறு என்ன செய்வாள்?

அந்த ஆட்டம் ஏனோ நகரவே இல்லை. மாப்பிள்ளை ஒரு சீட்டை எடுப்பதும், உற்றுப் பார்ப்பதும், திரும்பக் கையிலேயே செருகிக்கொள்வதுமாக இருந்தார். பெண்டாட்டியைச் சட்டென்று தோற்கடித்தால் வீட்டில் சோறு கிடைக்காது, அதனால்தான் மரியாதைக்கு இழுக்கிறார் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக் கடைக்காரர் சிரித்தார். மற்றவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நடுவர் வந்து, இறுதி ஆட்டத்துக்கான கட்டை ஒப்படைக்கச் சொன்னார். முத்திரை வைத்துவிட்டால் அப்புறம் ஒரு சீட்டைக்கூட மாற்ற முடியாது, இன்னும் நேரம் இருக்கிறது, யோசித்தே கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

"யோசிக்க என்ன இருக்கு? யார் வரப்போறாங்கன்னு எனக்குத் தெரியும்."

மிச்சம் இருந்த கடைசி வாள்வீரனையும் உருவிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆற்றை வைத்துக் கட்டைக் கொடுத்தார். நடுவர் உறையில் போட்டு முத்திரை வைத்தார். கடைக்காரர் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தன் கட்டு போய்விட்டது, மாப்பிள்ளை சீக்கிரம் வந்து சேரட்டும் என்று குரல் கொடுத்தார். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி நடுவர் கையைப் பார்த்தார்.

கடைக்காரர் முகம் கழுவிக்கொண்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு இறுதி மேஜைக்கு வந்தார். எதிர் நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

சின்ன வயதிலிருந்து அவள் ஆடுவது காட்டுக் கட்டு. அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் மரம் இன்னும் தழைக்குமே தவிர, சாயாது.

"அவர் எங்க?"

"விட்டுக்குடுத்துட்டார்."

"விட்டுக்குடுக்கறவர் எதுக்கு அவ்வளவு நேரம் உக்காந்து ஆடினார்?"

தங்கை சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நீங்க கட்டை ஒப்படைக்கிற வரைக்கும்தான் அண்ணா ஆடினோம்."