ஹில்டா இளைத்த கதை

எடை பார்க்கவேண்டிய சனிக்கிழமை காலையில், ஹில்டா கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டு ஐந்தாவது சங்கரா மீனைத் திருப்பிப் போட்டாள். நான்கு மீன் ஏற்கெனவே தட்டில் இருந்தன. தட்டு அவளுடையது.

வாசம் பிடித்துக்கொண்டு வந்த அவள் புருஷன் பாஸ்கல் சமையலறை வாசலில் நின்றான். அங்கே அவன் தங்கை சாண்ட்ரா, மணலி புதுநகரிலிருந்து தன் அளவுக் கரண்டிகளோடு வந்து இறங்கி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமா?" என்றான் பாஸ்கல்.

"தெரிஞ்சிதான் வறுத்துகினு கீறேன். எந்த மெஷின்ல ஏறணும், அத்தச் சொல்லு."

"எதுல வேணா ஏறு. எடை இன்னா மாறவா போவுது?" தங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவன் தன் பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பினான்.

விஷயம் இதுதான். சொந்தத்தில் ஒரு கல்யாண ஆல்பம் வந்தது. அதைப் புரட்டிய பாஸ்கல், மேடையில் பாதி இடத்தை ஹில்டாவே அடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்றான். மீதிப் பாதியை யார் அடைத்திருந்தார்கள் என்பதை வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

அன்றே மருந்துக்கடை மெஷினில் ஏற்றினான். எழுபத்தெட்டு காட்டியது. தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின நாளுக்குள் ஐந்து கிலோ குறைய வேண்டும். குறையாவிட்டால் ஈஸ்டர் விருந்திலிருந்து அடுப்பு சாண்ட்ராவின் கைக்குப் போய்விடும் என்றான். குறைந்தால், அந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று இனி யாரும் மூடியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டாவது ஷரத்து ஹில்டா பேசி வாங்கியது.

கடை பாஸ்கல் பெயரில். வீடு அவன் அப்பா பெயரில். ஹில்டாவுக்கு என்று அங்கே இருந்தது அந்த அடுப்பு ஒன்றுதான்.

வாரச் சமையலை அண்ணனும் தங்கையும் போனிலேயே பேசி முடித்தார்கள். காலையில் கம்பங்கஞ்சி, மதியம் வேகவைத்த சுரைக்காய், ராத்திரி எண்ணெய் தொடாத கோதுமை தோசை. மீன் ஞாயிறு மட்டும், குழம்பில் ஒரு துண்டு. எண்ணெய் டின்னைப் பாஸ்கல் கடைக்கே தூக்கிப் போய்விட்டான். தினமும் ஒரு மூடி அளந்து கொண்டுவந்து கொடுப்பான். அவனுடைய மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அளவில்லை.

தவக்காலம் பாதி முடியும் வரை ஹில்டா இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். மருந்துக்கடை மெஷின் அரைக் கிலோ தள்ளுபடி கொடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கடைக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துப் போனாள். ராயபுரத்தில் பாஸ்கல் வைத்திருந்தது காயலாங்கடை. பழைய இரும்பு எது வந்தாலும் எடை போட்டு வாங்கிக்கொள்வான். எர்ணாவூர்ப் பட்டறைகளிலிருந்து இரும்பு கொண்டுவரும் கோதண்டம் அப்போதுதான் தன் மூட்டையை மெஷினிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமு, எர்ணாவூர்லேர்ந்து வர்றதுக்குள்ள இரும்புகூட இளைச்சிப் பூடுது?" என்றான் கோதண்டம்.

பாஸ்கல் கேரியரை வாங்கிக்கொண்டே, "இரும்பே இளைக்குதுடா, எங்கூட்டுக்காரிதான் இளைக்க மாட்டேன்றா," என்றான். கடையே சிரித்தது.

ஹில்டா சிரிக்கவில்லை. மறுநாள் கஞ்சியும் காய்ச்சவில்லை. புது எண்ணெய் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து, எல்லார் கண்ணிலும் படும்படி அடுப்புப் பக்கத்தில் வைத்தாள்.

"எண்ணெ கடைலல்ல கீது?" என்றான் பாஸ்கல்.

"அது உன் எண்ணெ. இது என்னுது."

அன்று தேங்காய்ப்பால் விட்ட இறால் தொக்கு. அடுத்த நாள் நெத்திலி வறுவல். தவக்காலத்தில் கறிதான் ஆகாது, மீனைச் சாமியாரே வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அண்ணி தோற்பது என்றே முடிவு பண்ணிவிட்டாள் என்று சாண்ட்ரா மணலியில் கரண்டிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை அந்த ஐந்து மீனையும் முள் மட்டும் மிச்சம் வைத்துத் தின்று முடித்த ஹில்டா, நேராகக் காயலாங்கடைக்கு நடந்தாள். நாத்தனார் பின்னாலேயே போனாள். அந்தக் காட்சியைத் தவறவிட அவளுக்கு மனசில்லை.

ஈஸ்டர் செலவுக்குக் காசு வேண்டிய கூட்டம் மூட்டைகளோடு வாசல்வரை நின்றது. ஹில்டா செருப்பைக் கழற்றிவிட்டு, கோதண்டத்தின் மூட்டைக்கு முன்னால் தான் மெஷினில் ஏறி நின்றாள்.

சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. கோதண்டம் உரக்கப் படித்தான். "எழுவது."

கூட்டத்திலிருந்த ஒரு பெண், அப்படி என்னதான் சாப்பிட்டாய் என்று விசாரித்தாள். ஹில்டா மீனின் பெயரையும், எத்தனை என்பதையும் சொன்னாள். வரகும் தினையும் தின்று தான் குறைத்த இரண்டு கிலோவை நினைத்துச் சாண்ட்ரா அங்கிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்கல் மட்டும் வேர்த்து வழிந்தான். "ஏறங்கு. மருந்துக்கடைல போய்ப் பாத்துக்கலாம்," என்று கல்லாவை விட்டு எழுந்தான்.

"ஏன் மாமு, இதுல பாத்தா இன்னா?" என்றான் கோதண்டம். மூட்டை வைத்திருந்த அத்தனை பேரும் பாஸ்கலின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஹில்டா இறங்கவில்லை. மெஷின்மேல் நின்றபடியே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்த மெஷினு கொறைச்சிக் காட்டுதுன்னு உன் வாயால ஒருவாட்டி சொல்லிடு, நாளைக்கு சாண்ட்ராவே சமைக்கட்டும்."