வத்தல் புகை

டவுணில் கலகம் நடந்த மூன்றாம் நாள் காலை. போலீஸ் தெருவுக்குள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கோமு இரண்டு கை மிளகாய் வத்தலை அள்ளி அடுப்புக் கங்கில் கொட்டுகிறாள். அடுப்புக்கு மேலே பரணில், விறகுக் கட்டுகளுக்குப் பின்னால், அவள் புருஷன் பலவேசம் படுத்திருக்கிறான். பிடிபட்டால் அந்தமான்தான். வத்தல் சிவப்பு மாறிக் கறுக்கிறது. சாளரத்து வெயில் புகையில் முட்டி அங்கேயே நிற்கிறது. வாசலில் கால் வைத்த ஏட்டு தும்முகிறார். கூட வந்த கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறான். கோமுவும் கண்ணீர் வழிய வெளியே வருகிறாள்.

“பொடிக்கு வத்தல் வறுத்தேன் ஐயா, கருகிட்டு. உள்ள ஆளு யாரும் இல்ல.”

ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். ஓட்டு இடுக்குகளில் புகை கசிகிறது. அவர் முகத்தில் கோபமே இல்லை.

“ஏலே, கதவை இழுத்துச் சாத்தி நாதாங்கியைப் போடு. ஆளு இல்லைன்னு சொல்லுதால்லா. பைய ஆறட்டும்.”

நாதாங்கி விழுகிறது. பலவேசம் இருமிவிடக் கூடாது என்று கோமு முந்தானையைக் கடித்துக்கொண்டு நெல்லையப்பரை வேண்டுகிறாள். உள்ளே சத்தமே இல்லை. ஏட்டு நின்றபடியே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிறார், மடித்து வாயில் போடுகிறார், நிதானமாக மெல்லுகிறார், சுவரோரம் போய்த் துப்புகிறார். இன்னும் சத்தம் இல்லை. ஒரே ஒரு தடவை அவன் இருமிவிட வேண்டும் என்று கோமு இப்போது வேண்டுகிறாள்.