மார்ட்டினுஸின் வலது கால்

பெனால்டி என்று நடுவர் விசில் ஊதியதும் கோல்கீப்பர் சுகெங் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்படாதண்ணே," என்றான் தடுப்பாட்டக்காரன் எண்ட்ரோ. அவன் குரலே சரியில்லை. "அடிக்கப்போற அந்த மார்ட்டினுஸ் தொடையப் பாத்தியா? தேக்குக் கட்டை! போன மாசம் ஒரு கீப்பரோட மணிக்கட்டையே உடைச்சுட்டான். வீம்புக்குக் கையக் குடுத்துராத. அப்புறம் அண்ணிதான் சோறு ஊட்டணும்."

சுகெங் சிரிக்கவில்லை. அவன் பயம் மணிக்கட்டைப் பற்றியது இல்லை.

இடைவேளையில் சூதாட்டக் கும்பல் ஒன்றிடமிருந்து வந்த போன் இன்னும் காதுக்குள் கரகரத்தது. "ஒன் தம்பி டிமாஸ் எங்க வண்டியிலதான் இருக்கான். ஒங்க டீம் தோத்தா வீட்டுக்கு வருவான். தோக்கலைன்னா..."

இதுவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. செமாராங் மைதானத்தில் ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து உள்ளே போயாக வேண்டும். வேண்டுமென்றே விட்டான் என்று ஒருவருக்கும் தோன்றக் கூடாது.

அதற்கு மார்ட்டினுஸை விட்டால் ஆள் ஏது? இடது கால் பந்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி ஊன்றும். இடுப்பு திரும்பும். மடங்கிய வலது கால் சவுக்காகச் சொடுக்கும். குறுக்கே வரும் கையைப் பிய்த்துக்கொண்டு பந்து வலைக்குள் போய்விடும்.

எப்போதும் அவன் அடிப்பது கீப்பரின் இடப்பக்கம். அங்கேயே ஒழுங்காகப் பாய்ந்தால் போதும். மிச்சத்தை அந்தக் கால் பார்த்துக்கொள்ளும்.

மார்ட்டினுஸ் பந்தை வைத்தான். எப்போதும் வெகுதூரம் பின்வாங்கி ஓடிவருகிறவன், இன்று இரண்டே எட்டில் நின்றுவிட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

விசில்.

சுகெங் இடப்பக்கம் பாய்ந்தான். பிய்த்துக்கொண்டு போ, போய்விடு என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

பந்து உருண்டு வந்தது. பூனைக்குட்டி மாதிரி அவன் நெஞ்சுக்குக் கீழே வந்து ஒண்டிக்கொண்டது.

அதை உதறித் தள்ள நினைப்பதற்குள் எண்ட்ரோ மேலே விழுந்து கட்டிக்கொண்டான். "பிடிச்சுட்டியேண்ணே! பிடிச்சுட்டியே!" மைதானமே அலறியது. அந்த அலறலுக்குள் கடைசி விசிலும் ஊதிவிட்டது.

மார்ட்டினுஸ் ஓடிவந்து மண்டியிட்டான். சுகெங்கின் இரண்டு கையுறைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கண்ணீர் நிற்கவில்லை.

"ரொம்ப நன்றிண்ணே... எங்க டீம் ஜெயிக்கல. இனி என் பொண்ண விட்டுருவாங்க."