கண்டி ராசா தின்ற மீன்

“உலகத்திலேயே முதன்முதலா மீனுக்குப் பேர் மாத்தினவன் நான்தான்!”

கல்லடி ஹோட்டலில் கெளுத்தி மீன் ‘வாவி முத்து’ என்ற பெயரில் மேசைக்கு வந்ததும் சாமித்தம்பி நெஞ்சை நிமிர்த்தினார்.

“கலியாணம் முடிச்சு உங்கட வீட்டுக்கு வந்த புதுசில, நானே கெளுத்தி ஆக்கி, ‘கண்டி ராசா திண்ட மீன், மாமி’ எண்டு உன்ட அம்மாக்குக் குடுத்தன். சட்டியில ஓட்டை விழுமட்டும் வழிச்சுத் திண்டா!”

“பொய். அம்மா கெளுத்தியை வாசலுக்குள்ளயே விடமாட்டா,” என்றாள் மனைவி யோகம்மா, வழக்கம்போல.

ஆனால் ஒரு வாய் தின்றதும் அவள் கண் கலங்கியது.

“அம்மா மணத்திலேயே கெளுத்தியெண்டு கண்டுபிடிச்சிட்டா. ‘புது மருமகன் ஆசையா ஆக்கினது, முகம் வாடப்படாது, வாய் திறக்காத’ எண்டு என்னைக் கிள்ளிப்போட்டு, ரெண்டாந்தரமும் கறி கேட்டு வாங்கினா. ஓம், திண்டவதான். சட்டியிலதான் ஓட்டை விழல்ல.”