கன்னத்தில் விழுந்த நிழல்

"ஓரமாப் பிடி, ரேகை விழும்" என்று பழைய நடிகை ஒருத்தியின் விளம்பரப் படத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போன கணவர், குளியலறையிலேயே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது சாயங்கால வெளிச்சத்தில், சுவரில் மாட்ட அவர் படம் ஒன்றைத் தேடி அவளும் மகளும் பெட்டிகளைக் கவிழ்க்கிறார்கள். எல்லாம் அவர் சேர்த்துவைத்த நடிகைகளின் படங்கள். "வீடு பூரா உன் சக்களத்திங்கதாம்மா. அப்பாவைத்தான் காணோம்." "அவரு எங்கடி படத்துக்கு நின்னாரு?" மகள் அவருடைய செல்போனைத் துழாவுகிறாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் நடிகையை அவர் எடுத்த படம் ஒன்று வருகிறது. நிழல் விழுந்து கெட்டுப்போச்சு என்று அவர் அலுத்துக்கொண்ட படம். நடிகையின் கன்னத்தின் மேல், கண்ணாடியில் விழுந்த பிம்பமாய் மங்கலாக, கண்ணைச் சுருக்கியபடி அவர் நிற்கிறார். "இவளை வெட்டிடலாமா?" அம்மா களைப்போடு தரையில் சாய்கிறாள். "வேணாம். சேர்த்தே மாட்டு." நடிகை எப்போதும்போல் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.