ஒரு வார்த்தைக்கு மூன்று வாரம்

ஏழாவது முறையாக அந்தத் தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுக்கு ஒதுக்கியது 'ஆர்' (R) எழுத்து. மற்ற வார்த்தைகளெல்லாம் முடிந்து அச்சுக்குப் போயாயிற்று. பாக்கி 'ரெசிஸ்ட்' (resist) ஒன்றுதான். அதற்குப் பொருள் எழுதியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

"எதிர்த்து நில், தடு, தாக்குப்பிடி, இடங்கொடாதே... எல்லாம்தான் போட்டிருக்கேனே சார்?"

ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தாக்குப்பிடிக்கிறதுன்னா அடியை வாங்கிட்டு நிக்கிறது. தடுக்கிறதுன்னா அடியே விழாம பார்த்துக்கிறது. ரெண்டையும் ஒரே வரியில போட்டா படிக்கிறவன் குழம்ப மாட்டானா? பிரிச்சு எழுதுங்க."

பிரித்து எழுதினாள்.

"சிரிப்பை அடக்கிக்கிறதுக்கும் இதே வார்த்தைதானே, அதை ஏன் விட்டீங்க?"

சேர்த்து எழுதினாள்.

"உதாரண வாக்கியம் உப்புச்சப்பில்லாம இருக்கே!"

பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் பெண்ணுக்கே பொறுக்கவில்லை. "குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே பொறந்திருக்காருக்கா இந்த மனுஷன். ஊருக்கெல்லாம் எதிர்ப்புக்கு அர்த்தம் எழுதுறீங்க, இவரை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க மாட்டீங்களா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர், படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள். இந்த வேலை போனால் நடுத்தெருதான். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே! ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொண்டுபோய் ஆசிரியர் மேசையில் வைத்தாள்.

"எனக்கு எழுதத் தெரியலைன்னு நேராவே சொல்லிடுங்க சார். தினம் தினம் இப்படி நோகடிக்காதீங்க."

அவர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினார். முதலாளியின் கையெழுத்து. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

'ஆர் எழுத்து முடிந்த அன்றே அந்தம்மாவை நிறுத்திவிடவும். ஒரு வருடம் ஆகிவிட்டால் நிரந்தரமாக்க வேண்டியிருக்கும்.'

அவள் தேதியை இன்னொரு முறை பார்த்தாள்.

"நீங்க சேர்ந்து நாளையோட ஒரு வருஷம்," என்றார் ஆசிரியர். "முதல் தடவை எழுதினீங்களே, அதுவே ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நாளன்னிக்கு அதையே கொண்டு வந்து குடுங்க."